நாற்பத்தாறு மணி நேரம்

மாணவியர் விடுதி, மேற்கு வர்ஜீனியா
ஏப்ரல் 11

அன்புள்ள வெர்லின் மாமாவுக்கு,

மூன்று நாளாக உங்கள் தொலைபேசிக்கு அடித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். "மாமா வீட்டு டெலிபோன் கம்பியில மரம் விழுந்து ஒரு மாசம் ஆச்சு. கம்பெனிக்காரன் நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டாத்தான் ஒட்டவிடுவேன்னு உட்கார்ந்திருக்காரு" என்றாள். உங்கள் பக்கம் செல்போனும் கிடையாது. வானத்துச் சத்தத்தை ஒட்டுக்கேட்கிற அந்தப் பெரிய தட்டுக்கு, அதாவது ரேடியோ தொலைநோக்கிக்கு, தொந்தரவாம். ஆகவே கடிதம்.

ஓர் உதவி வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போக வேண்டும். போன வருடம் ஒன்பது கல்லூரியும் கதவைச் சாத்தியது உங்களுக்குத் தெரியும். இந்த முறையும் சாத்தினால் அம்மாவால் இன்னொரு வருடம் தாக்குப்பிடிக்க முடியாது. மதிப்பெண்ணில் குறை இல்லை. குறை சமூக சேவையில். எங்கள் ஆலோசகர் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மார்லா, நாய்க் காப்பகத்துல இருபது மணி நேரம், நூலகத்துல பதினெட்டு மணி நேரம். இதுக்குப் பேரு சேவை இல்லம்மா, பொழுதுபோக்கு. ஒரே இடம், ஒரே ஜனங்க, திரும்பத் திரும்பப் போய் நிக்கணும். அதைத்தான் அவங்க தேடுவாங்க" என்றார்.

என் அறைத்தோழி கிறிஸ்டா ஒரு வாரம் ஹோண்டுராஸ் போய் எழுபது குழந்தைகளுக்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எழுபது பேரோடும் தனித்தனியாகப் படம் இருக்கிறது. நான் விடுமுறைதோறும் மளிகைக் கடையில் சம்பளத்துக்கு நின்றேன். அதற்கு மணிக்கணக்கு கிடையாது.

டாக்டர் ரோவன் என்றொரு அம்மாள், மடக்கு நாற்காலிகளோடு ஊர் ஊராகப் போய் இலவசமாகப் பல் பார்க்கிறார். மே 4, 5 தேதிகளில் உங்கள் ஊர் தீயணைப்புக் கூடத்துக்கு வரச் சம்மதித்துவிட்டார். நானும் உதவிக்கு வருகிறேன். கூடத்தின் சாவி உங்களிடம்தானே இருக்கிறது? ஆட்களை மட்டும் சேர்த்துக் கொடுங்கள்.

உங்கள் மார்லா

*

ஹாம்ரிக் பள்ளம்
ஏப்ரல் 17

வருங்காலப் பல்லரசி, கடைவாய் காக்கும் காரிகை, என் தங்கை வயிற்றில் உதித்த மேன்மை தங்கிய மருமகள் மார்லாவுக்கு, எட்டு மலை, பதினோரு ஓடை, ஒன்றரை டிராக்டர் ஆகியவற்றின் ஏக அதிபதி வெர்லின் மாமா எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் நலம், பற்கள் நீங்கலாக.

சாவி என்னிடம்தான். ஆனால் ஓர் எச்சரிக்கை. சென்ற சனிக்கிழமை கூடத்தில் காட்டு வெங்காய விருந்து நடந்தது. பன்றிக்கொழுப்பில் வதக்கிய காட்டு வெங்காயம், உருளைக்கிழங்கு, மக்காச்சோள ரொட்டி. முந்நூறு பேர் தின்று, முந்நூறு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். பெரிய தட்டு நாலு நாள் மூர்ச்சையாகிவிட்டது. செவ்வாய்க் கிரகத்திலிருந்து எழுத்துமூலம் புகார் வந்ததாகக் கேள்வி. உன் டாக்டரம்மாவை ஆளுக்கு இரண்டு முகமூடி எடுத்துவரச் சொல்.

ஆள் சேர்க்கும் பொறுப்பை ஏற்று, நேற்றுக் காலை கடைவாசலில் நின்று பறைசாற்றினேன். பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். பத்தொன்பதாவது ஆள் ஓக்கி சைஸ்மோர். உனக்கு நினைவிருக்கும், தேன்கூடு வைத்திருப்பவன், சின்ன வயதில் உனக்குத் தேனடை பிய்த்துக் கொடுத்தவன். ஐம்பத்து நாலு வயதாகிறது. நான் சொல்வதையெல்லாம் முப்பது வருடமாக நம்பிவரும் ஒரே ஆத்மா. மழையில் நனைந்தால் கோவேறு கழுதை சுருங்கிவிடும் என்று ஒரு தடவை சொல்லிவைத்தேன். இன்றுவரை மேகம் கறுத்தால் கழுதைக்குக் கித்தான் போர்த்துகிறான்.

"ஓக்கி, உன் கடைவாய்ல இருக்கறது பல்லா, அடுப்புக்கரியா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும் அண்ணே. வேலி இடுக்கிய வச்சு நானே புடுங்கிக்கிறேன். போன தடவையும் அப்படித்தானே?"

"அடப்பாவி, பாப்பாவுக்கு மணி வேணும்டா! ஒரு வாய்க்குப் பத்து மணி. நீ அவகிட்ட வாயைத் திறந்தீன்னா அவ பேர்ல ஏறிடும். ஆனா ஒண்ணு. அதுக்கப்புறம் நீ வேற எந்த டாக்டர்கிட்டயாவது போய் வாயைத் திறந்தே, அத்தனை மணியும் திரும்பப் போயிடும்."

"நெசமாவா அண்ணே?"

"வாஷிங்டன்ல சட்டமே போட்டிருக்கான்."

கடைவாசலில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஓக்கி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப பாப்பாகிட்டயே வர்றேன்" என்றான்.

ஆக, பத்தொன்பது வாய்கள் தயார். வருக, புடுங்குக.

வெர்லின் மாமா

*

விடுதி
மே 9

அன்புள்ள மாமாவுக்கு,

அந்த இரண்டு நாளுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? பத்தொன்பது பேர், முப்பத்தொரு பல். கூடத்துச் சுவரில் காட்டு வெங்காய வாடை அடித்தது உண்மைதான். டாக்டர் ரோவன் முதல் நாள் முழுக்க வாயால்தான் மூச்சு விட்டார்.

ஓக்கியைப் பற்றி எழுத வேண்டும். எல்லோருக்கும் பல்லைப் பிடுங்கினோம், அவருக்கு மட்டும் முடியவில்லை. ரத்த அழுத்தத்தை மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் இருநூறுக்கு மேல். டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். "இந்தக் கொதிப்புல இங்க வச்சுக் கை வச்சா ரத்தம் நிக்காது. வேர்ல சீழ் வேற இருக்கு. ஏழு நாளைக்கு மாத்திரை தர்றேன். அதுக்குள்ள பெரிய ஆஸ்பத்திரில இவருக்குத் தேதி வாங்கணும். மார்லா, இது உன் பொறுப்பு. தள்ளிப்போடக் கூடாது." ஓக்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயே புடுங்கிடு பாப்பா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது.

வேறு வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்கள் அவரோடு சேர்த்து மொத்தம் ஆறு பேர். பட்டியல் என்னிடம் இருக்கிறது. ஓக்கிக்கு ஒரு சீட்டில், "இரண்டு வாரத்தில் தேதி எழுதி அனுப்புகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கீழே சின்னதாக ஒரு பல் படமும் வரைந்து கொடுத்தேன். சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

இத்துடன் இருக்கும் தாளில் உங்கள் கையெழுத்து வேண்டும். கூடத்தின் பொறுப்பாளர் நீங்கள்தான். மொத்தம் அறுபது மணி என்று போட்டிருக்கிறேன். இரண்டு நாளுக்கும் சேர்த்துப் பதினான்கு. மீதி நாற்பத்தாறு, அந்த ஆறு பேருக்காக ஆஸ்பத்திரிக்கு எழுதுவது, தேதி வாங்குவது, வண்டி பிடிப்பது ஆகியவற்றுக்கு. இன்னும் ஆரம்பிக்கவில்லை. செமஸ்டர் தேர்வு கழுத்தில் நிற்கிறது. ஆனால் செய்யத்தானே போகிறேன்? இது பொய்யில்லை மாமா. கொஞ்சம் முன்தேதி, அவ்வளவுதான்.

மார்லா

*

ஹாம்ரிக் பள்ளம்
மே 16

பல்லுலகப் பேரொளிக்கு,

அறுபதா? வெறும் அறுபதா? இந்தக் குடும்பத்தில் பிறந்துவிட்டு இவ்வளவு கஞ்சத்தனமா? நான் ஒரு மீனைப் பிடித்தால் சொல்லி முடிப்பதற்குள் அது ஓடையை அடைத்துக்கொண்டு வெள்ளம் வந்துவிடும். உனக்கு ஒரு சுழி சேர்த்து அறுநூறாக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். கை தானாக நின்றது. ஏன் நின்றது என்று தெரியவில்லை. வயதாகிறது போலும். நீ போட்டபடியே அறுபதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கையெழுத்தின் வாலைப் பார், அதன் மேல் இரண்டு காகம் உட்காரலாம்.

ஓக்கியின் சமாசாரம். மூன்று நாள் மாத்திரை தின்றதும் வலி பறந்துவிட்டதாம். மீதி நாலு நாளைக்கானதை என்ன செய்தான் என்று நினைக்கிறாய்? அவன் வேட்டை நாய் செனட்டருக்குக் காதில் சீழ். பாலாடைக்கட்டிக்குள் வைத்து அதற்குக் கொடுத்துவிட்டான்.

"ஏன்டா, அது உனக்குக் கொடுத்த மருந்துடா!"

"எனக்குத்தான் சரியாப் போச்சே அண்ணே. பாவம், வாயில்லாத ஜீவன்."

செனட்டருக்கு இப்போது காது அபாரமாகக் கேட்கிறது. பெரிய தட்டுக்காரர்கள் அதைச் சம்பளத்துக்குக் கேட்டுப் பார்த்தார்கள். நாய் மறுத்துவிட்டது.

சிரிக்காமல் ஒன்று சொல்கிறேன். தபால்காரி வரும் நேரத்துக்கு ஓக்கி தினமும் சாலை முனையில் நிற்கிறான். அவனுக்கு ஆயுசில் வந்த தபாலெல்லாம் விதைக்கடை விளம்பரம்தான். நீ சொன்ன இரண்டு வாரம் நாளை மறுநாளோடு முடிகிறது என்று என்னிடம் விரல்விட்டு எண்ணிக் காட்டினான்.

வெர்லின் மாமா

*

விடுதி
ஜூன் 7

அன்புள்ள மாமாவுக்கு,

விண்ணப்பம் போய்விட்டது! பதினோரு கல்லூரிகள். உங்கள் கையெழுத்தின் வாலை ஆலோசகர் வெகுவாக ரசித்தார்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரையும் கேட்பார்கள்: ஏன் இந்தத் தொழிலுக்கு வருகிறாய் என்று. போன வருடம் எதையோ எழுதினேன். இந்த முறை ஓக்கியை எழுதினேன். பெயர் போடவில்லை. கடைசிப் பத்தி இப்படி முடிகிறது: "மலைமடியில் ஒரு தேன்காரர். பல ஆண்டுகளாக உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தவர். அவரை நான் கைவிடவில்லை. வாரந்தோறும் அவரைப் போய்ப் பார்த்தேன். இன்று அவர் கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறார்." ஆலோசகர் படித்துவிட்டு, "இதான் மார்லா! இந்த ஆளை அவங்க மறக்கவே மாட்டாங்க" என்றார்.

கொஞ்சம் கூட்டித்தான் எழுதிவிட்டேன். அது உங்கள் ரத்தம் மாமா, என்னைக் குறை சொல்லாதீர்கள்.

ஆறு பேர் பட்டியலை மறக்கவில்லை. மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. நுழைவுத் தேர்வு ஜூலை 2. அது முடிந்த மறுநாள் முதல் வேலை அதுதான். ஓக்கிக்குத்தான் வலி போய்விட்டதே, இன்னும் நாலு வாரம் பொறுக்க மாட்டாரா? நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மார்லா

*

ஹாம்ரிக் பள்ளம்
ஜூலை 8

நுழைவுத் தேர்வை நொறுக்கித் தள்ளிய வீராங்கனைக்கு,

நீ விசாரித்ததை ஓக்கியிடம் சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டான். சந்தோஷத்தைப் பாதி முகத்தில்தான் காட்ட முடிந்தது. மீதிப் பாதி வீங்கிக் கிடக்கிறது.

மருமகளே, அந்த வலது தாடையை நீ பார்க்க வேண்டும். பரங்கிக்காய்! மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்பினால் முதல் பரிசோடு நீலநாடாவும் கட்டி அனுப்புவார்கள். தேன் எடுக்கும்போது தலையில் மாட்டும் வலை ஏறவில்லை. வலையில்லாமல் போனதில் அவன் வளர்த்த தேனீக்களே யாரோ அந்நியன் என்று நினைத்து இரண்டு தடவை கொட்டிவிட்டன. நிழல் தனியாக விழுகிறது, உடம்புக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று.

"டேய், டவுனுக்குப் போய் யாருகிட்டயாவது காட்டுடா" என்றேன்.

"வேணாம் அண்ணே. பாப்பா எழுதும்."

"அவ எழுதறப்ப எழுதட்டும். நீ இன்னிக்குப் போ."

"வேணாம்" என்று தலையை ஆட்டினான். ஏன் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

உன் சீட்டு வியர்வையில் நைந்துவிட்டது. பல் படம் மட்டும் தெரிகிறது. தேர்வுதான் முடிந்துவிட்டதே, இரண்டு வரி எழுதிப் போடேன்.

வெர்லின் மாமா

*

விடுதி
ஜூலை 13

அன்புள்ள மாமாவுக்கு,

பரங்கிக்காயா? போன வருடம் வெட்டுக்கிளி கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போனதாக எழுதினீர்கள். அதற்கு முந்தைய வருடம் உங்கள் முழங்கால் வீக்கத்தைக் கொண்டு மாவட்டத் தலைநகருக்கு நிழல் கொடுத்தீர்கள். ஓக்கிக்குக் கொஞ்சம் வீக்கம் இருக்கும், தேனீ கொட்டியதாகக்கூட இருக்கும். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பட்டியலை வெளியே எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். இந்த வாரம் கட்டாயம்.

கோபப்படாதீர்கள், ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கல்லூரி என்னை நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறது. செப்டம்பரில். அழைத்த கடிதத்திலேயே "உங்கள் தேன்காரரைப் பற்றிக் கேட்க ஆவலாக இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் உங்களுக்கு ஒரு சரிபார்ப்புச் சீட்டு வரும். எத்தனை மணி என்று கேட்டிருப்பார்கள். அறுபது என்று மட்டும் எழுதுங்கள். செவ்வாய்க் கிரகம் வேண்டாம். காகம் வேண்டாம். வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

மார்லா

*

ஹாம்ரிக் பள்ளம்
ஜூலை 18

மார்லாவுக்கு,

பட்டம் எதுவும் தோன்றவில்லை, மன்னித்துக்கொள்.

நான் புளுகன்தான். நாற்பது வருடமாக இந்த மலையில் புளுகுகிறேன். என் புளுகை எவனும் நம்புவதில்லை, அதனால் எவனுக்கும் கேடில்லை. நீ தாளில் எழுதுவதை நம்பிவிடுகிறார்கள். அந்த வித்தியாசத்தை நேற்றுத்தான் உட்கார்ந்து யோசித்தேன். சரி, அது கிடக்கட்டும்.

ஓக்கியைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். வீக்கம் தாடையிலிருந்து இறங்கித் தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பரவிவிட்டது. தொட்டால் பலகை மாதிரி கெட்டியாக இருக்கிறது. வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. பேசினால் சுடச்சுட உருளைக்கிழங்கை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவது போல இருக்கிறது. நாக்கு, யாரோ கீழிருந்து தூக்கிப் பிடித்த மாதிரி மேலே நிற்கிறது. எச்சிலை விழுங்க முடியாமல் தகர டப்பாவில் துப்புகிறான். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று நாற்காலியிலேயே இருக்கிறான். செனட்டர் அவன் காலடியை விட்டு அசையவில்லை.

வண்டியை அவன் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினேன். ஏற மாட்டேன் என்கிறான். இழுத்துப் பார்த்தேன், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். இந்த நிலையிலும் தபால் பெட்டியைக் கையால் காட்டுகிறான்.

பரங்கிக்காய் என்று சொன்னது கொஞ்சம் கூடுதல்தான். உருளைக்கிழங்கு கூடுதலில்லை.

வெர்லின்

*

விடுதி
ஜூலை 20, பிற்பகல்

மாமா,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. அந்த உருளைக்கிழங்குக் குரல் எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதே வார்த்தை. பல்லில் இருக்கும் சீழ் தொண்டைக்கு இறங்கினால் அப்படித்தான் பேசுவார்களாம். அதற்கு அடுத்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தப் பாடத்தில் நான் தொண்ணூற்றாறு வாங்கினேன்.

உங்கள் மாவட்டத்து அவசர எண்ணுக்கு அடித்தேன். உங்கள் பெயரைச் சொன்னதும் அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "வெர்லின் ஹாம்ரிக்கா? போன வருஷம் டிராக்டரைக் கழுகு தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு கூப்பிட்டாரே, அவரா?" நான் கத்தினேன் மாமா. விடுதி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அப்புறம்தான் வண்டி அனுப்புகிறேன் என்றாள்.

இந்தக் கடிதம் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், எப்படியோ ஒரு வகையில். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். பட்டியல் மேசைமேல்தான் இருக்கிறது. முதல் பெயர் அவருடையது.

மார்லா

*

வர்ஜீனியா, ஆஸ்பத்திரி
ஜூலை 25

மார்லா,

ஓக்கி உயிரோடு இருக்கிறான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை கூடத்து ரேடியோவில் அழைப்பு வந்து, நாலு பத்துக்கு நம் ஆம்புலன்ஸ் அவன் வாசலுக்குப் போனது. ஓட்டியவன் நான். அவன் நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். உதடு நீலமாக இருந்தது. என் கையைத் தட்டிவிட்டான். "பாப்பாதான்டா வண்டி அனுப்பியிருக்கா" என்றேன். உடனே எழுந்தான். தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து ஏறினான்.

பள்ளிக்கூட மைதானத்திலிருந்து ஹெலிகாப்டரில் மலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். பல்லை எடுத்துவிட்டார்கள். சீழ் நெஞ்சுக்கூடு வரை இறங்கியிருக்கிறதாம். இரண்டு தடவை திறந்து கழுவியாயிற்று. இன்னொரு தடவை இருக்கலாம் என்கிறார்கள்.

பேச முடியாது. எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு கொடுத்திருக்கிறார்கள். நேற்று நர்சு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "எந்த மணியைக் கேக்குறாரு இவரு? காலையிலேர்ந்து ஒரே கேள்வி. கடிகாரத்தைக் காட்டினா இல்லைங்கறாரு" என்றாள். போய்ப் பார்த்தேன். கோணல் எழுத்தில் எழுதியிருந்தான்:

"மணி திரும்பப் போயிடுமா?"

எனக்கு உடனே புரியவில்லை. அப்புறம் கடைவாசல் ஞாபகம் வந்தது. வேறு டாக்டரிடம் வாயைத் திறந்தால் உன் மணியெல்லாம் திரும்பப் போய்விடும் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வாஷிங்டனில் சட்டம் என்றேன். அவன் பத்து வாரமாக யாரிடமும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது அந்தச் சட்டத்துக்காக. என் புளுகை எவனும் நம்புவதில்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். கித்தான் போர்த்திய கோவேறு கழுதையை மறந்துவிட்டேன்.

பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

கல்லூரியின் சரிபார்ப்புச் சீட்டு வந்திருக்கிறது. ஒரே கேள்விதான், எத்தனை மணி என்று. ஒரு தடவை உனக்காகக் கூட்டிப் போட்டுவிட்டேன். கையெழுத்து மட்டும் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். எண்ணை நீ எழுது.

வெர்லின்

*

விடுதி
ஜூலை 29

மாமா,

பதினான்கு என்று எழுதி அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு தாளில், மீதி நாற்பத்தாறு என்ன என்றும், தேன்காரர் வாய்விட்டுச் சிரிக்கவில்லை என்றும் எழுதினேன். ஆலோசகரிடம் காட்டினேன். "இதை அனுப்பினா இந்த வருஷத்தை மறந்துடு. அடுத்த வருஷமும் உன் பேரு அவங்களுக்கு ஞாபகம் இருக்கும், வேற விதமா" என்றார். பதினோரு கல்லூரிக்கும் அனுப்பினேன்.

மற்ற ஐந்து பேருக்கும் இன்று உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் பேசினேன், தேதி வாங்கினேன், கடிதமும் எழுதினேன். ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு மணி இல்லை மாமா. மூன்றரை மணி. ஓக்கியின் பங்கு அதில் முக்கால் மணிகூட வந்திருக்காது.

சனிக்கிழமை பேருந்தில் நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அவருக்கு நானே பதில் சொல்கிறேன். அதுவரை அவரிடம் எதுவும் சொல்லாதீர்கள். சிரிக்க வைக்கவும் வேண்டாம்.

மார்லா

*

(ஆஸ்பத்திரி முன்மேசையில், மார்லா என்ற பெண் வந்தால் கொடுக்கச் சொல்லி விட்டுச்சென்ற சீட்டு)

ஆகஸ்டு 3

மார்லா,

காலையில் காய்ச்சல் ஏறியது. எட்டு நாற்பதுக்கு மறுபடி அறுவை அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாம் மாடி, இடது பக்கம் கடைசிக் கதவு. நான் அங்கேதான் நிற்கிறேன்.

அதற்கு முன் அவனிடம் நீ வருகிறாய் என்பதை மட்டும் சொன்னேன். தலையணைக்கு அடியிலிருந்து உன் பல் படச் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தான். சிலேட்டில் எழுதினான்: "நானா வாயைத் திறக்கலை. அவங்கதான் திறந்தாங்க. பாப்பாகிட்டச் சொல்லுங்க."

கதவு திறந்ததும் முதலில் நீ போ. உண்மையான எண்ணைச் சொல், அதில் ஒரு மணியும் திரும்பப் போகாது என்று சொல். அவன் நம்புவான்.

மின்தூக்கிக்குக் காத்திருக்காதே. படியில் ஓடி வா. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

வெர்லின்